கொல்லிக் காவலன்

கொல்லிமலைன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. ஓரியைப் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு. அவன் மலையைத் தன் பட்டப்பேராக வச்சுக்கிட்ட இன்னொருத்தரைப் பத்தி யாரும் அதிகமா பேசறதில்லை. அவர் குலசேகர ஆழ்வார்.

மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்னு, கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான்னு அகநானூறு சொல்லுது. பல நூற்றாண்டு கழிச்சு வந்த சேர மன்னர் குலசேகரர். 9ஆம் நூற்றாண்டுங்கறது பல ஆய்வாளர்கள் கருத்து.

வைணவ மரபில் ஒரு கதை உண்டு. ராமாயணம் கேட்டுக்கிட்டு இருந்தாராம். கரதூஷணர்களோட 14,000 அரக்கரை ராமன் தனி ஆளா எதிர்க்கிற கட்டம். உடனே எழுந்து, "படை கிளம்பட்டும்"னு உத்தரவு போட்டுட்டாராம்! கதைதான். ஆனா படை நடத்தினவருக்கு வேற என்ன தோணும், சொல்லுங்க?

அப்புறம் மகனுக்கு முடிசூட்டிட்டு அரங்கம் போயிட்டார். பெருமாள் திருமொழி, மொத்தம் 105 பாசுரம். முகுந்தமாலைங்கிற வடமொழி நூலும் இவர் செய்ததுன்னு சொல்வாங்க.

ராஜ்யம் வேணாம், திருவேங்கடத்துல கொக்காப் பிறக்கணும், மீனாகணும், கோயில் படியாக் கிடக்கணும்னு கேட்கிறார். ஆனா அதே பதிகத்தோட முடிவுல தன்னைக் கூரிய வேல் பிடிச்சவன்னு சொல்லிக்கிறார். அடியாரோட கால் தூசியில் குளிக்க ஆசைப்படுற பதிகத்தோட முடிவுலதான் 'கொல்லிக் காவலன்' வருது.

பதவியை விட்டவருக்குப் பட்டத்தை விட மனசு வரலையா? கடைசிப் பாட்டில் பேரைச் சொல்றது அந்தக் காலத்து வழக்கம்தான். ஆனாலும் எனக்கு வேற மாதிரி தோணுது. ஒண்ணுமே இல்லாதவன் "எனக்கு எதுவும் வேணாம்"னா அதுல என்ன இருக்கு? கையில வேலும் மலையும் இருக்கிறவன் சொன்னாத்தான் அந்தச் சொல்லுக்கு எடை.

ராமனைக் காட்டுக்கு அனுப்பிட்டுத் தசரதன் புலம்பற பதிகத்தைப் படிங்க. ராமனுக்காகப் படையைக் கிளப்பினதா கதை சொல்ற அதே ஆள், எந்தப் படையாலும் தீர்க்க முடியாத ஒரு ராஜாவோட துக்கத்தைத் தன் வாயால அழறார். அந்த இடத்துல மன்னர் போயி எழுத்தாளர் மட்டும்தான் மிச்சம்.

கேட்ட வரமும் வீண் போகலை. பெருமாள் சன்னதி வாசப்படிக்கு இன்னிக்கும் பேர் 'குலசேகரன் படி'தான்.