மணவாளக்குறிச்சி மணலும் அருமண் அரசியலும்

அருமண் தனிமங்கள் என்பவை தனிம அட்டவணையில் லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான 15 தனிமங்களும், அவற்றோடு பண்பில் ஒத்த ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய இரண்டும் சேர்ந்த 17 தனிமங்களின் தொகுதியாகும். கைப்பேசி, மின்சார வாகனம், காற்றாலை, ஏவுகணை, போர் விமானம் ஆகியவை இவற்றை நம்பி இருப்பதால் இன்று வல்லரசுகள் இவற்றுக்காகப் போட்டியிடுகின்றன. இந்தப் போட்டி புதியதன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை முன்னிட்டு ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மோதி வந்துள்ளன. அந்த வரலாறு, கனிமம் கையில் இருப்பதும் அதனால் வலிமை பெறுவதும் வெவ்வேறு என்பதைக் காட்டுகிறது.

பெயரும் இயல்பும்

'அரிய' என்ற பெயர் சற்றே தவறான புரிதலைத் தருவது. செரியம் என்ற அருமண் தனிமம் புவி ஓட்டில் ஏறத்தாழச் செம்பு அளவுக்கு உள்ளது. ஆனால் இத்தனிமங்கள் ஓரிடத்தில் செறிந்து கிடைப்பது குறைவு. வேதிப் பண்பில் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருப்பதால் தனித்தனியாகப் பிரிப்பதும் கடினம். சுவீடனின் இட்டர்பி என்ற ஊரில் 1787இல் கிடைத்த ஒரு கறுப்புக் கல்லிலிருந்து இவற்றின் கதை தொடங்குகிறது. பதினேழையும் அடையாளம் கண்டு முடிக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்தியாவில் இவற்றின் முதன்மையான மூலம் மோனசைட் என்ற கனிமம். மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுடைய இது, அருமண் தனிமங்களும் தோரியமும் கலந்த ஒரு பாஸ்பேட் ஆகும். மலைப் பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியே கடலை அடையும்போது, அலைகள் இலேசான மணலை அடித்துச் சென்றுவிடக் கனமான துகள்கள் கரையில் தங்கிவிடுகின்றன. சென்னையில் திருவான்மியூர்க் கடற்கரையில் அலை வடிந்த இடத்தில் தெரியும் கருமணல் கோடுகள் இவ்வாறு உருவானவையே. அங்கே அவை மெல்லிய கோடுகளாக மட்டுமே உள்ளன. தென்கோடியில் மணவாளக்குறிச்சியிலிருந்து கேரளத்தின் சவரா வரையிலான கரையில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகியவை செறிந்த படிவுகளாகக் கிடைக்கின்றன. இவற்றைத் தமிழகத்தில் பொதுவாகத் 'தாது மணல்' என்பர்.

கயிற்றில் ஒட்டிய மணல்

ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக் 1885இல் எரிவாயு விளக்குக்கான வலைத்திரிக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர்த் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் 'மேண்டில்' இதன் வழிவந்ததே. 1891இல் அவர், 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு செரியம் ஆக்சைடும் கலந்தால் மிகப் பிரகாசமான வெண்ணொளி கிடைக்கும் என்று கண்டார். ஐரோப்பிய நகரத் தெருக்கள் இந்த ஒளிக்கு மாறியதும் தோரியத்துக்காக மோனசைட்டுக்குப் பெருந்தேவை உண்டாயிற்று. அப்போது முதன்மையான மூலமாக இருந்தது பிரேசிலின் கடற்கரை. அந்த வணிகம் பெரும்பாலும் ஜெர்மன் நிறுவனங்களின் பிடியில் இருந்தது.

திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டறிந்தார். அந்த மணலின் தடம் மணவாளக்குறிச்சிக்கு இட்டுச் சென்றது. அடுத்த ஆண்டே அங்கு மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. அன்று அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டன் ஓர் உண்மையை உணர்ந்தது. மணல் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு உட்பட்ட கரையில் கிடைத்தாலும், அதிலிருந்து தோரியம் நைட்ரேட் தயாரிக்கும் திறன் பெரும்பாலும் ஜெர்மனியிடமே இருந்தது. ஷோம்பெர்க் ஜெர்மன் உளவாளி என்ற ஐயத்தில் கைது செய்யப்பட்டார். ஜெர்மன் பங்குகள் விலக்கப்பட்டுச் சுரங்கங்கள் பிரிட்டிஷ் கைக்குச் சென்றன. கனிமம் ஒருவரிடமும் அதைப் பக்குவப்படுத்தும் அறிவு மற்றொருவரிடமும் இருப்பதன் ஆபத்தை இந்த மணல் அப்போதே காட்டியது.

தோரியத்தை எடுத்தபின் எஞ்சிய அருமண் தனிமங்களுக்கு அன்று பெரிய பயன் இல்லை. அவற்றின் கலவையை இரும்புடன் சேர்த்துச் சிகரெட் லைட்டரில் தீப்பொறி தரும் கல் செய்யும் முறையை வெல்ஸ்பாக்கே கண்டுபிடித்தார். இன்று உலகம் தேடும் பொருள் அன்று கழிவுக்குச் சற்று மேலான நிலையில்தான் இருந்தது.

சர் சி.பி.யின் கணக்கு

மின்விளக்கு வந்ததும் வலைத்திரித் தொழில் தேய்ந்தது. 1945இல் ஹிரோஷிமாவில் விழுந்த குண்டு மோனசைட்டின் மதிப்பை மீண்டும் உயர்த்தியது. தோரியத்திலிருந்து அணு எரிபொருள் ஆக்க முடியும் என்பதால் அமெரிக்காவும் பிரிட்டனும் உலகின் தோரிய இருப்புகளைத் தம் கட்டுப்பாட்டில் வைக்க விரும்பின.

அப்போது திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் சர் சி.பி.ராமசாமி ஐயர். வந்தவாசியில் பிறந்து, சென்னையில் வழக்கறிஞராகப் புகழ்பெற்று, மதராஸ் ஆளுநரின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தவர். எல்டாம்ஸ் சாலையில் உள்ள 'தி குரோவ்' என்ற அவரது இல்லம் இன்றும் அவர் பெயரிலான அறக்கட்டளையின் இடமாக உள்ளது. மோனசைட் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தி, அதைப் பேரம் பேசும் கருவியாக அவர் பயன்படுத்தினார். 1947இன் தொடக்கத்தில் மூன்று ஆண்டுகளில் 9,000 டன் மோனசைட் வழங்குவதென்று பிரிட்டனுடன் உடன்பாடு ஏற்பட்டது.

1947 ஜூன் 11 அன்று, பிரிட்டிஷ் ஆட்சி முடிந்ததும் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அவர் அறிவித்தார். அந்தத் துணிவுக்குப் பின்னால் இருந்த காரணங்களுள் இந்த மணலும் ஒன்று. பிரிட்டனுக்குத் தோரியம் தேவைப்படும்வரை திருவிதாங்கூருக்கு வெளியுலக ஆதரவு கிடைக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு மக்களின் எதிர்ப்பின் முன் நிற்கவில்லை. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஓர் இசை நிகழ்ச்சியில் அவர் வெட்டப்பட்டுக் காயமடைந்தார். சில நாள்களிலேயே மகாராஜா இந்தியாவுடன் இணைய இசைந்தார். சி.பி. பதவி விலகினார்.

கோதுமையும் தோரியமும்

சுதந்திர இந்தியா மோனசைட்டை அணுசக்திக்கான பொருளாகக் கருதி அதன் ஏற்றுமதியைத் தடுத்தது. 1950 ஆகஸ்ட் 18 அன்று இந்திய அருமண் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியுடன் கேரளத்தின் ஆலுவாவில் அமைந்த அதன் ஆலையை 1952 டிசம்பர் 24 அன்று நேரு திறந்து வைத்தார். மணலை அப்படியே விற்காமல் இங்கேயே பக்குவப்படுத்த வேண்டும் என்பதே நோக்கம்.

இந்தக் கொள்கைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. உணவுப் பஞ்சம் நெருங்கியபோது இந்தியா அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்டது. தானியத்துக்கு ஈடாக மோனசைட்டைப் பெற வேண்டும் என்ற குரல் அமெரிக்கக் காங்கிரஸில் எழுந்தது. அணு ஆயுதத்துக்குப் பயன்படக்கூடிய பொருளைத் தருவதில்லை என்ற நிலையிலிருந்து நேரு இறங்கவில்லை. நீண்ட விவாதத்துக்குப் பின் 19 கோடி டாலர் கடனாகத் தானியம் வந்தது.

1953இல் வேறொரு சிக்கல் எழுந்தது. இந்தியா சீனாவுக்கு ஏறத்தாழ ஒரு டன் தோரியம் நைட்ரேட்டை விற்றது. கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு இத்தகைய பொருள்களை அனுப்பும் நாட்டுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். தன் வணிகத்துக்கு வேறு நாடு நிபந்தனை விதிப்பதை நேரு ஏற்கவில்லை. இறுதியில் அமெரிக்காவே இந்தியாவிடமிருந்து தோரியம் நைட்ரேட் வாங்க முன்வந்ததால் பிணக்கு தணிந்தது. அன்று இந்தியாவிடம் வாங்கிய சீனாவிடம் இன்று இந்தியா கையேந்தி நிற்பது வரலாற்றின் முரண்.

பின்தங்கிய காலம்

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 1963இல் முழு அரசு நிறுவனமான இந்திய அருமண் நிறுவனம், தனியார் கையில் இருந்த மணவாளக்குறிச்சி மணல் ஆலையைப் பின்னர் ஏற்றது.

இதற்கிடையே உலகத் தேவை மாறியிருந்தது. 1960களில் வண்ணத் தொலைக்காட்சியின் சிவப்பு நிறத்துக்கு யூரோப்பியம் தேவைப்பட்டது. அதைக் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் வழங்கியது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த வலிமைமிக்க காந்தம் உருவானது. சிறிய இடத்தில் பெரும் ஆற்றல் தரும் மோட்டார்களை இதுவே சாத்தியமாக்கியது.

இந்தியாவிலோ மோனசைட் முதலில் தோரியத்தின் மூலமாகவே பார்க்கப்பட்டது. அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் தனியார் ஆலைகளை விலக்கி வைத்தன. காந்தம் செய்யும் தொழில் வளரவில்லை. சீனா உள்மங்கோலியாவின் பயான் ஓபோ சுரங்கத்தையும் தென்மாநிலங்களின் களிமண் படிவுகளையும் கொண்டு, கனிமம் முதல் காந்தம் வரை முழுச் சங்கிலியையும் கட்டியது. சுற்றுச்சூழல் கேடு பெரிதாக இருந்தும் மலிவாக விற்றது. விலை வீழ்ச்சியில் மவுண்டன் பாஸ் 2002இல் நின்றது. ஆலுவாவில் மோனசைட்டிலிருந்து அருமண் பிரிப்பது 2004இல் நின்றது.

2010 செப்டம்பரில் சென்காகு தீவுகள் அருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் காவல் கப்பல்களுடன் மோதியதை அடுத்து, ஜப்பானுக்குச் சென்ற அருமண் ஏற்றுமதி தடைபட்டது. அப்போது உலக உற்பத்தியில் 95 விழுக்காட்டுக்கும் மேல் சீனாவிடம் இருந்தது. ஜப்பான் வேறு மூலங்களைத் தேடி 2012இல் இந்தியாவுடன் உடன்பாடு செய்தது. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமம் கட்டாயமாக்கியதும், இந்திய வாகன ஆலைகளும் காந்தத்துக்குத் தவித்தன.

மணலுக்கும் காந்தத்துக்கும் இடையே

அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கணக்கில் இந்தியாவின் அருமண் இருப்பு 69 லட்சம் டன். சீனாவுடையது 440 லட்சம் டன். ஆனால் 2024இல் சீனா 2,70,000 டன் உற்பத்தி செய்தபோது இந்தியா 2,900 டன் மட்டுமே செய்தது. இருப்பில் ஆறில் ஒரு பங்கு. உற்பத்தியில் நூறில் ஒரு பங்கு.

காரணம், மணலுக்கும் காந்தத்துக்கும் இடையே உள்ள படிகள். மோனசைட்டைக் காரத்தில் சிதைத்து, தோரியத்தைப் பாதுகாப்பாகப் பிரித்து, கரைப்பான்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான நிலைகளில் ஒவ்வொரு தனிமத்தையும் பிரிக்க வேண்டும். பின் ஆக்சைடை உலோகமாக்கி, கலப்புலோகமாக்கி, பொடித்து, அழுத்திச் சுட வேண்டும். மேலும் இந்திய மோனசைட்டில் நியோடிமியம் போன்ற இலேசான தனிமங்களே மிகுதி. வெப்பத்தைத் தாங்கும் காந்தத்துக்குத் தேவையான டிஸ்ப்ரோசியம் மிகக் குறைவு.

இந்த இடைவெளியை நிரப்ப 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிம இயக்கமும், நவம்பரில் ஆண்டுக்கு 6,000 டன் காந்த உற்பத்தியை நோக்கிய 7,280 கோடி ரூபாய்த் திட்டமும் ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்றன. திருவான்மியூரை அடுத்த தரமணியில் ஐஐடி ஆய்வுப் பூங்காவில் இயங்கும் ஒன்றிய அரசின் வாகன ஆற்றல் பொருள்கள் ஆய்வு மையமும் காந்தப் பொருள்களில் ஆய்வு செய்கிறது.

கரையில் வாழ்வோர்

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி மீனவர் வாழும் கரை. கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம் முதல் கொல்லங்கோடு வரை சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்குக் கடலோர ஊர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன. மணல் போனால் கடல் ஊருக்குள் வரும் என்பதும், கதிரியக்கத்தால் புற்றுநோய் வரும் என்பதும் அவர்களின் அச்சம். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நடந்த நீண்ட ஆய்வு, இயற்கைக் கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆனால் அது மணலோடு வாழ்வதைப் பற்றிய ஆய்வு. மணலைத் தோண்டிப் பிரிப்பதால் வரும் விளைவு வேறு கேள்வி. 2025இல் இத்தகைய கனிமத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து ஒன்றிய அரசு விலக்கு அளித்ததைத் தமிழ்நாடு அரசு எதிர்த்தது.

அன்று மணவாளக்குறிச்சி மணல் கப்பலேறியபோது அதன் மதிப்பு பெர்லினில் கூடியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் மதிப்பு கூடும் இடம் பெரும்பாலும் வெளிநாட்டிலேயே இருக்கிறது; கரையின் இழப்பு மட்டும் இங்கேயே தங்குகிறது. பிரித்தெடுக்கும் அறிவையும் காந்தம் செய்யும் தொழிலையும் வளர்க்காமல் மணலை மட்டும் கூடுதலாக அள்ளுவது இந்த வரலாற்றை மாற்றாது. கரையில் வாழ்வோரின் ஒப்புதல் இல்லாமல் அள்ளுவதும் நிலைக்காது.