சுருங்கா ஒலி

புத்தளம் நகருக்கு அணித்தாயுள்ள சிரம்பையடி என்னும் சிற்றூரில், ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான காப்பிரியர் வாழ்கின்றனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவர் ஆட்சியிலும் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டோரின் மரபினர் இவர். இலங்கை ரைபிள் படை 1873-இல் கலைக்கப்பட்டபின், அதிலிருந்த வீரர் சிலர் புத்தளத்திற் குடியேறினர். இவர்தம் மஞ்சாப் பாடல்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தவை. அன்றாடப் பேச்சில் அம்மொழி மங்கிவிட்டது; பாட்டிலேயே எஞ்சி நிற்கிறது. பாட்டும் மறையுமாயின் மொழியும் உடன் மறையும். ஆகவே, அதனை எவ்வாறு பதிந்துவைப்பது என்பது சிறு வினாவன்று.

ஒலியை எண்ணாக்கும் முறையை அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1937-இல் கண்டார். ஒலியலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதுவதே அம்முறை. அவ்வெண்களில் எதனையும் நீக்காது அடுக்கிவைப்பதே சுருக்கப்படாத ஒலிக்கோப்பு. மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991-இல் வகுத்த வேவ் வடிவம் பெரும்பாலும் இவ்வாறே ஆளப்படுகிறது.

பழைய கணினி விளையாட்டுகளும் இவ்வழியையே நாடின. 1993-இல் வெளிவந்த டூம் விளையாட்டில், துப்பாக்கி வெடிப்பும் பூதங்களின் உறுமலும் பெரும்பாலும் நொடிக்கு 11,025 அளவுகள், அளவொன்றுக்கு ஒரு பைட்டு என்ற கணக்கில் அமைந்தன. அக்காலத்து 1.44 மெகாபைட்டு நெகிழ்வட்டு ஒன்று அத்தகைய ஒலியில் ஏறத்தாழ இரண்டேகால் நிமிடமே கொள்ளும். இடம் இத்துணை அரிதாயிருந்தும் ஏன் சுருக்கவில்லை? சுருக்கியதை விரிக்கக் கணினிக்கு நேரம் வேண்டும். அதன் ஆற்றலோ படம் வரைவதிலேயே செலவாயிற்று. எனவே, அளவின் நுட்பத்தைக் குறைத்து இடத்தை மிச்சப்படுத்தினர்.

ஆவணக் காப்பகங்கள் அதே வடிவை வேறொரு காரணத்தால் கைக்கொள்கின்றன. எம்பி3 போன்ற முறைகள் செவிக்குப் புலப்படாதெனக் கருதுவதை நீக்கிவிடும், நீக்கியது மீளாது. ஆதலின் நொடிக்கு 48,000 அளவுகளும், அளவொன்றுக்கு 24 பிட்டுகளும் குறையாது இருத்தல் வேண்டுமென ஒலி ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் பரிந்துரைக்கிறது.

மஞ்சாவில் சிரட்டையும் கரண்டியும் கண்ணாடிப் புட்டியும் தாளம் தருகின்றன. அத்தாளத்தினூடே தேய்ந்தொலிக்கும் ஒரு மெய்யெழுத்து, நாளை ஓர் ஆய்வாளருக்குச் சொல்லின் வேரைக் காட்டக்கூடும். எது வேண்டாதது என்பதை இன்றே ஒரு பொறி முடிவுசெய்தல் தகாது.

ஆயினும், கோப்பு பாட்டைக் காக்குமேயன்றிப் பாடுவோரை உண்டாக்காது. அப்பணி சிரம்பையடியின் முதியோர்க்கும் சிறுவர்க்குமே உரியது.