கொள்கலப் பெயர்கள்

பெட்டி, பேழை, குதிர், பத்தாயம், அலமாரி, பீரோ முதலிய சேமிப்புக் கலங்களுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள். அயற்சொற்கள் வந்து பழைய பெயர்களை விரட்டிவிட்டன என்று பலர் வருந்துவதுண்டு. பொருள்களையே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கருத்து நிற்காது. பெட்டி மேல்மூடியைத் தூக்கித் திறப்பது. போர்த்துக்கீசிய ‘அர்மாரியோ’விலிருந்து வந்த அலமாரியோ தட்டுகளோடு நிமிர்ந்து நிற்பது. பிரெஞ்சில் எழுதுமேசையைக் குறித்த பீரோ, இங்கே துணியும் நகையும் பூட்டிவைக்கும் இரும்பு அலமாரியாயிற்று. கடன் வாங்கிய சொல்லையும் தமிழ் தன் தேவைக்கு வளைத்துக்கொண்டது.

அப்படியானால் குதிர் ஏன் மறைந்தது என்று கேட்கலாம். அதன் இடத்தில் எந்த அயற்சொல்லும் வந்து அமரவில்லை. வீட்டில் நெல் சேமிக்கும் வழக்கமே குறைந்தது. மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்புகளில் களிமண் பூசி எழுப்பிய கலம் அது. நெல்லை மேலே கொட்டுவார்கள். அடியிலுள்ள துளையின் அடைப்பை எடுத்தால் கீழிருந்த பழைய நெல் முதலில் சரிந்து வரும். மரத்தாலான பத்தாயத்துக்கும் இதே கதிதான். ஆனாலும் ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற பழமொழியை, குதிர் ஒன்றைக்கூடப் பார்த்திராதவர்களும் சொல்கிறார்கள். பேழையும் பேச்சிலிருந்து விலகியதே தவிர அழியவில்லை: விவிலியத் தமிழில் அது நோவாவின் பேழை, தொல்லியலில் சுடுமண்ணாலான ஈமப்பேழை.