நீரும் முறையும்

துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரில் செம்பர்லிதாஷ் என்னும் பழைய குளியல்மனை ஒன்று உண்டு. இத்தகைய மனைகளை அந்நாட்டார் ஹம்மாம் என்பர். 1584ஆம் ஆண்டில் நூர்பானு என்ற அரசமாதாவின் பெயரால் எழுந்தது அது. அந்நகருக்குச் சென்றிருந்தபோது அதனுள் நுழைந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஆடவர்க்கு ஒரு பகுதி, மகளிர்க்கு ஒரு பகுதி. தரையின் அடியில் வெப்பக் காற்று செல்லும் வழிகள். குவிமாடத்தில் வட்ட வட்டமான துளைகள். அவற்றின் வழியே ஒளி நீராவிக்கிடையே தூண்போல் இறங்குகிறது. நடுவே வெதுவெதுப்பான சலவைக்கல் மேடை. அதற்குத் துருக்கியர் இட்ட பெயரின் பொருள் 'தொப்புள் கல்' என்பது! அதன்மேல் படுத்திருப்போருள் வணிகர் யார், சுமை தூக்குவோர் யார் என்று எவராலும் சொல்ல இயலாது.

ஆயினும் என்னை வியக்கவைத்தது கட்டடம் அன்று. அதன் பின்னிருந்த ஏற்பாடே. குளிப்போர் தரும் காசு, நீரிணையின் மறுகரையில் நூர்பானு நிறுவிய பள்ளிவாசலுக்கும் அதனைச் சேர்ந்த அறநிலையங்களுக்கும் செல்லவேண்டும் என்று அன்றே வகுத்திருந்தனர். பொதுநீரைப் பலரும் துய்ப்பதற்கு ஒரு முறை. அதன் பயன் பிறரைச் சென்றடைவதற்கு ஒரு முறை. பேரரசு மறைந்தது, நான் சென்ற நாளிலும் மக்கள் அங்கே குளித்துக்கொண்டிருந்தார்கள்.

நம் கீழைக் கடற்கரையில் இத்தகைய வெந்நீர் மனைகளை நாடுவார் இல்லை. சித்திரை வெயில் ஒன்றே நமக்குப் போதும்! ஆனால் பொதுநீர் நம்மிடமும் உண்டு. கல்லால் கட்டியது நிலைத்ததா, முறையால் கட்டியது நிலைத்ததா என்று நம் மண்ணில் காண விரும்பினேன். சென்னைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காட்டுக்குச் சென்றேன்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் இருக்கிறது. விசயநகர மன்னர் காலத்தில் பேர்பெற்ற துறைமுகம் இது. போர்ச்சுகீசியர் வந்தனர், பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1613இல் அவர்கள் கட்டி முடித்த கோட்டைக்கு, தலைவர் வெம்மர் வான் பெர்கெமின் தாய்நாட்டு மாகாணத்தின் பெயரால் கெல்திரியா என்று பெயரிட்டனர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் வாணிகத்துக்கெல்லாம் இதுவே தலைமை. இங்கிருந்து சென்ற வண்ணத்துணிகளைக் கொடுத்துத்தான் கீழைத்தீவுகளில் வாசனைப் பொருள்களை வாங்கினார்கள். வெடிமருந்தும் இங்கே செய்தார்கள்.

துணி மட்டுமா கப்பலேறியது? பள்ளிப் பாடங்களில் பெரிதும் சொல்லப்படாத செய்தி இது. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் இக்கரையை வாட்டிய காலங்களில், பசிக்கு ஆற்றாத மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு வந்தனர். அவர்களை வாங்கிக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பினர் ஒல்லாந்தர். இன்று இந்தோனேசியாவின் ஜகார்த்தாவாக இருப்பதே அந்தப் பத்தாவியா. அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

ஊரிலுள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைத் தொல்பொருள் துறையினர் காத்துவருகின்றனர். வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே கருங்கல் பலகைகளில் குலச் சின்னங்கள், பெயர்கள், பிறந்த நாள், இறந்த நாள். எழுத்து வேலை மிக நேர்த்தி. ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பத்தாவியாவுக்குப் போன ஒருவருடைய பெயரும் அங்கில்லை. விற்றவருக்குக் கருங்கல், விற்கப்பட்டவருக்கு ஒரு செங்கல்கூட இல்லை. கோட்டையோ புதர்மூடிய மேடாகவும் அகழியின் தடமாகவும் எஞ்சி நிற்கிறது. வழிகாட்ட வந்த சிறுவன் அங்கே ஆடு தேடுவதற்குத்தான் போவானாம்.

கோட்டையை விட்டு ஏரிக்கரைக்கு வந்தால், கல்லில் எழுதாத ஓர் ஏற்பாடு உயிரோடு இயங்குவதைக் காணலாம். அதற்குப் பெயர் 'பாடு'. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே முகத்துவாரத்தை அடுத்த நீர்தான் வளமான நீர். அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் என்ன ஆகும்? கைகலப்புத்தான் மிஞ்சும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் இதற்கு வழி கண்டனர். உரிமை உடையவர்களின் பட்டியலுக்குத் தலைக்கட்டு என்று பெயர். அதில் உள்ளவர்கள் சீட்டுப் போட்டு, இன்ன இடம் இன்னாருக்கு என்று முறைவைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை வேறிடத்துக்கு நகர்வார். இதனைக் காக்க அகழி வேண்டியதில்லை. ஊர்ப் பஞ்சாயத்தின் சொல் போதும்.

இதனைக் குறையில்லாத முறை என்று நான் புகழமாட்டேன். காசு கொடுத்தவர் எவரையும் ஹம்மாம் உள்ளே விட்டது. பாடோ பிறப்பால் வரும் உரிமை. தலைக்கட்டில் பெயரில்லாத இருளர் முதலானோர், ஆழமற்ற நீரில் கைகளால் துழாவி இறால் பிடிக்கின்றனர். கழுத்தில் தொங்கும் கூடையை வாயால் கவ்வியபடி, நாள் முழுதும் சேற்று நீரில் நகர்கின்றனர். உள்ளிருப்போருக்குப் பாடு நீதி. வெளியே நிற்போருக்கு அது வேலி. நியாயம் கேட்டு எழுந்த வழக்குகளும் பூசல்களும் பல.

வலை வீசுவோர் தொகை பெருகுகிறது. முகத்துவாரமோ அடிக்கடி மணல் தூர்ந்து அடைபடுகிறது. அடைபட்டால் படகு கடலுக்குப் போகாது, இறால் உள்ளே வராது. அப்போது தலைக்கட்டில் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே கரையில் நின்று, கடல் எப்போது வழிவிடும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.