தோம்பும் சாதகமும் பிறப்புப் பதிவும்

ஒரு வீட்டிலே குழந்தை பிறந்ததும் நம்மவர் முதலிற் பார்ப்பது மணிக்கூட்டையே. நேரத்தைக் குறித்துக்கொண்டு சாத்திரியாரிடம் செல்வர்; நட்சத்திரத்துக்கேற்ற எழுத்தைக் கேட்டறிந்து பெயர் தேடுவர்; 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு ஆயத்தஞ் செய்வர். இவையெல்லாம் ஒழுங்காக நடைபெறும். “பிறப்பைப் பதிந்தாயிற்றோ?” என்று வினவுவோரோ மிகச் சிலர். அரசாங்கப் பதிவை ஒரு கந்தோர் அலுவலாகவே நாம் கருதி வந்துள்ளோம். அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்தால் அவ்வெண்ணம் மாறும்.

நம் முன்னோர் பிறப்பை எழுதி வையாதவரல்லர். சாதக ஓலையிலே நாழிகை, விநாழிகை வரை கணித்து எழுதினர். எங்கள் வீட்டு றங்குப்பெட்டியிலும் அத்தகைய ஓலையொன்று இருக்கிறது. அதிலே “பிரபவ வருடம்” என்று கண்டிருக்கிறது. பிரபவ முதலிய வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கொருமுறை திரும்பி வருவன. 1867இலும் பிரபவம், 1927இலும் பிரபவம். ஆதலின் அவ்வோலைக்குரியவர் எங்கள் பூட்டனாரா, அவருடைய பாட்டனாரா என்பதை அப்பாச்சி சொல்லித்தான் அறிந்தோம். நாழிகை பிசகாத ஓலை நூற்றாண்டைச் சொல்லவில்லை! சாதகம் குடும்பத்தின் தேவைக்கு எழுதப்பட்டது. பிறந்த ஊர், பெற்றோர், ஆண்டு என்பவற்றை அந்நியனொருவன் முன் நிலைநாட்டுதல் அதன் நோக்கமன்று.

அந்நியர் முன் நிலைநாட்ட வேண்டிய காலம் ஐரோப்பியரோடு வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காணிகளுக்குத் தோம்பு எழுதியதுபோலக் குடிமக்களுக்கும் எழுதினர். கோவிற்பற்றுகள்தோறும் பாடசாலை நிறுவி, ஞானஸ்நானம், விவாகம் முதலியவற்றை உபாத்தியாயர் பதியும்படி செய்தனர். இதுவே பள்ளித் தோம்பு எனப்படும். விவாகமும் முதுசமும் உத்தியோகமும் இப்பதிவைச் சார்ந்து நின்றமையால், வீட்டிலே சிவபூசை செய்தோரும் தம் குழந்தையைப் பாதிரியாரிடங் கொண்டு சென்றனர். இதனை நான் குறைகூறும் நோக்கத்தோடு எழுதவில்லை; மிஷன் பாடசாலையிலே கற்ற நான் அவ்வாசிரியர்களுக்குக் கடமைப்பட்டவன். ஆயினும், ஒரு குழந்தை பிறந்ததென்னும் உண்மையை ஏட்டில் ஏற்றுவதற்கு அதன் பெற்றோர் தம் சமயத்தை மறைக்க வேண்டியிருந்தமை நீதியாகாது என்பதை எச்சமயத்தவரும் ஒப்புவர்.

இவ்விடர் நமக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்திலும் முற்காலத்தில் திருச்சபையின் ஞானஸ்நானப் புத்தகமே பிறப்புக்குச் சான்றாயிருந்தது. அரச திருச்சபையைச் சாராதோர் இதனால் அல்லலுற்றனர். 1837இலேதான் சமயஞ் சாராத பதிவு அங்கே தொடங்கியது. அம்முறை இலங்கையில் 1867இற் புகுந்தது. எச்சமயத்தவராயினும் பிறப்பைப் பதிவுகாரரிடம் அறிவிக்கலாம் என்னும் நிலை அப்பொழுதே உண்டாயிற்று. எனினும் 1897ஆம் ஆண்டு முதலே பதிதல் கட்டாயமாயிற்று. இவ்விரண்டாவது ஆண்டை வாசகர்கள் மனத்தில் இருத்துக.

சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே, 1948 நவம்பர் 15ஆந் தேதி, பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கு அவருடைய தந்தையார் இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். மலையகத் தோட்டமொன்றில் அன்று 40 வயதினராயிருந்த தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவர் பிறந்தது 1908இல். அவர் தந்தையார் பெரும்பாலும் 1897க்கு முன்னரே, பதிவு கட்டாயமாகாத காலத்திலே, பிறந்திருப்பார். லயத்திலே பிறந்த அக்குழந்தையை அன்று யார் பதிந்தனர்? பாட்டன், பூட்டன் பத்திரத்துக்கு எங்கே போவது? நாட்டின் ஏனைய மக்களிடம் பெரும்பாலும் எவரும் கேளாத சான்று இவர்களிடம் கேட்கப்பட்டது. அநீதிக்கு மூலகாரணம் சட்டமே. ஆனால் ஏட்டில் இல்லாத பிறப்பு, எஞ்சியிருந்த சிறு கதவையும் பலருக்கு அடைத்துவிட்டது.

1964 ஒக்டோபர் 30ஆந் தேதிய ஒப்பந்தத்தில் 9,75,000 மக்கள் இரு நாடுகளுக்குமிடையே பங்கிடப்பட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரை 1974இற் பாதிபாதியாகப் பிரித்தனர். நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு வழி செய்த சட்டம் 2003இலேயே நிறைவேறியது. 55 ஆண்டுகள், ஏறத்தாழ இரண்டு தலைமுறை, இதிலே கழிந்தன.

1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டுவந்த பத்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். தந்தை இங்கே பிறவாதவராயின் பூட்டனுடைய விபரம் என இரு கூடுகள் அதிலே காணப்படும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் ஒவ்வொரு குழந்தையின் பத்திரத்திலும் விழுந்திருக்கிறது.

யுத்தகாலத்தில் இடம்பெயர்ந்தோர் பலர் உடுத்த உடையோடு ஓடினர். பத்திரங்கள் வீட்டோடு எரிந்தன. ஆயினும் பதிவேட்டிற் பெயருள்ளவர் பின்னர் பிரதி எடுக்க வழியிருந்தது. பதியப்படாதவருக்கு எதன் பிரதியைக் கொடுப்பது? தாள் அழியலாம், பதிவே காவல்.

அச்சட்டப்படி பிறப்பை 42 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். 3 மாதங் கடந்தால் பிரகடனம், சான்றுகள் எனக் கந்தோர் கந்தோராக அலைய நேரும். துடக்குக் கழிவு 31ஆம் நாள். அதன்பின்னும் 11 நாள் கைவசமுண்டு. பெயர் முடிவாகவில்லையென்று காத்திருத்தலும் வேண்டியதில்லை. பெயரைப் பின்னர் சேர்ப்பதற்குச் சட்டம் இடந்தருகிறது.

மூத்தோர் சாதகத்தைக் கணிக்கட்டும். அது நம் மரபு. சங்கத்து இளைஞராகிய நாம், எழுத வாசிக்க அஞ்சும் தாய்மாரோடு பதிவுகாரர் கந்தோர் வரை துணையாகச் செல்லலாம். முன்னொரு காலத்தில் ஏட்டிலேறுவதற்குச் சமயத்தை மறைத்தனர். பின்னொரு காலத்தில் ஏட்டில் இல்லாமையால் நாட்டையே இழந்தனர். இன்று பிறக்குங் குழந்தைக்கு இவ்விரண்டும் வேண்டா. அதன் பெயர் நம் அசட்டையினால் மட்டும் விடுபட்டுப் போகலாமோ?