சரளைப்பாதை மிதிவண்டிப் பயணம் (பிரான்சு)

சரளைப்பாதை மிதிவண்டிப் பயணம் என்பது தார் இடப்படாத சரளை, மண், சுண்ணாம்புக்கல் பாதைகளிலும் அவற்றை இணைக்கும் சிறு சாலைகளிலும், அதற்கென வடிவமைக்கப்பட்ட மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்வதாகும். இது சாலைப் பந்தய மிதிவண்டி ஓட்டத்திற்கும் மலை மிதிவண்டி ஓட்டத்திற்கும் இடைப்பட்டது. தனி விளையாட்டாக இது 2000களில் ஐக்கிய அமெரிக்காவில் உருப்பெற்றது. கேன்சசு மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய பந்தயம் (2020 முதல் அன்பவுண்டு கிராவல் எனப்படுவது) இதன் வளர்ச்சியில் முதன்மையானது. எனினும் பிரான்சில் இத்தகைய ஓட்டம் மிதிவண்டியின் தொடக்க காலம் முதலே இருந்து வருகிறது.

பிரான்சில் இப்பயணம் பெரும்பாலும் ஊரகப் பாதைகள் என்னும் தனிச் சட்டத் தகுதியுடைய வழிகளில் நடைபெறுகிறது. மக்களின் நடமாட்டமே இப்பாதைகளைப் பொதுப்பாதைகளாக நிலைநிறுத்தும் சான்றுகளுள் ஒன்று. ஆகவே இவற்றில் மிதிவண்டி ஓட்டுவது பொழுதுபோக்காக மட்டுமின்றிப் பொது உரிமை ஒன்றைப் பயன்படுத்திக் காப்பதாகவும் அமைகிறது.

வரலாறு

தொடக்க காலம்

தார்ச்சாலைகள் பரவலாவதற்கு முன்னர் பிரான்சில் மிதிவண்டி ஓட்டியோர் பெரும்பாலும் சரளையிலும் மண்ணிலுமே ஓட்டினர். 1903-இல் தொடங்கிய தூர் த பிரான்சு பந்தயத்தின் முதல் பதிற்றாண்டுகள் இத்தகைய பாதைகளிலேயே நடந்தன. 1910-இல் பந்தயம் முதன்முறையாகப் பிரனீசு மலையின் தூர்மலே கணவாயைக் கடந்தது. 1913-இல் அதே கணவாயின் இறக்கத்தில் எழேன் கிறித்தோப் என்பவரின் மிதிவண்டியின் முன்கவை முறிந்தது. அவர் வண்டியைச் சுமந்து நடந்து, மலையடிவாரச் சிற்றூரின் கொல்லுப்பட்டறையில் தாமே அதனைச் செப்பனிட்டார். துருத்தி இயக்க ஒரு சிறுவனின் உதவியைப் பெற்றதற்காக அவருக்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது.

பந்தயத்திற்கு அப்பால், மிதிவண்டிச் சுற்றுலாவை வளர்த்தவர்களுள் வெலோசியோ என்ற புனைபெயர் கொண்ட போல் தெ விவி (1853–1930) குறிப்பிடத்தக்கவர். இவர் 1887-இல் சேந்தெத்தியேன் நகரில் மிதிவண்டிக்கென ஓர் இதழைத் தொடங்கினார். மேடும் கரடுமான பாதைகளுக்குப் பல கியர்களும் அகன்ற டயர்களும் தேவை என அதில் தொடர்ந்து எழுதினார். தூர் த பிரான்சு பந்தயத்தில் கியர் மாற்றிகள் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டன. வெலோசியோவைச் சிறப்பிக்கும் வகையில் சேந்தெத்தியேன் அருகிலுள்ள ரெப்புப்ளிக் கணவாயில் 1922 முதல் மிதிவண்டி ஏற்ற நிகழ்வு ஒன்று நடத்தப்பட்டு வந்துள்ளது.

மீள்வருகை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிற்றூர்ச் சாலைகளும் தார் பெற்றன. பந்தய மிதிவண்டிகளின் டயர்களும் ஒல்லியாயின. இப்போக்கிற்கு மாறாக, 1984-இல் பிரெத்தாஞ் பகுதியில் சான்-போல் மெலுவே என்பவர் துரோ புரோ லெயோன் என்னும் பந்தயத்தைத் தொடங்கினார். பிரெத்தோன் மொழிவழிக் கல்வி அளிக்கும் திவான் பள்ளிகளுக்கு நிதி திரட்டுவது அதன் நோக்கமாகும். பந்தயம் செல்லும் பண்ணை மண்பாதைகள் பிரெத்தோன் மொழியில் ரிபினூ எனப்படுகின்றன. பிரெத்தோன் வீரர்களுள் முதலில் வருபவருக்குப் பன்றிக்குட்டி ஒன்று பரிசாக வழங்கப்படும். சிறுபான்மை மொழி ஒன்றும் கைவிடப்படும் பாதைகளும் ஒரே நிகழ்வில் கவனம் பெற்றமை இதன் சிறப்பு.

பெரிய பந்தயங்களும் பின்னர் இவ்வழிக்குத் திரும்பின. அவற்றுள் சில:

• 2018 – தூர் த பிரான்சு, 1944-ஆம் ஆண்டின் எதிர்ப்புப் போராட்டத்தால் அறியப்பட்ட கிளியேர் பீடபூமியின் சரளைப்பாதையில் சென்றது.
• 2018 – பாரிசு–தூர் பந்தயத்தில் வூவ்ரே பகுதியின் திராட்சைத் தோட்டப் பாதைகள் சேர்க்கப்பட்டன.
• 2022 – மகளிர் தூர் த பிரான்சின் நான்காம் கட்டம் சாம்பாஞ் பகுதியின் வெண்பாதைகள் வழியே நடந்தது. சுவிட்சர்லாந்தின் மார்லென் ரொய்சர் வென்றார்.
• 2022 – இத்தாலியில் நடந்த முதல் சரளைப்பாதை உலக வாகையர் போட்டியின் மகளிர் பிரிவில் பிரான்சின் போலின் பெரான்-பிரேவோ வென்றார்.
• 2024 – தூர் த பிரான்சின் ஒன்பதாம் கட்டம் துருவா நகரைச் சுற்றி 14 சரளைப் பகுதிகளில் ஏறத்தாழ 32 கி.மீ. சென்றது. பிரான்சின் அந்தோனி துர்சி வென்றார்.

மிதிவண்டியின் அமைப்பு

சரளைப்பாதை மிதிவண்டி தோற்றத்தில் பந்தய மிதிவண்டியைப் போன்று கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி கொண்டது. வேறுபாடு பெரும்பாலும் டயரில் உள்ளது. பந்தய மிதிவண்டியின் டயர் 25 முதல் 30 மி.மீ. அகலம் உடையது, சரளைப்பாதை மிதிவண்டியின் டயர் பொதுவாக 35 முதல் 50 மி.மீ. அகலம் உடையது. 25 மி.மீ. டயரில் 6 பார் அளவுக்குக் காற்றழுத்தம் தேவைப்படும், 40 மி.மீ. டயருக்கு 2 முதல் 3 பார் போதுமானது.

குறைந்த அழுத்தத்தின் பயன் பின்வருமாறு. கடினமான டயர் ஒரு கல்லில் ஏறும்போது வண்டியையும் ஓட்டுநரையும் சேர்த்து மேலே தூக்குகிறது. முன்னோக்கிய ஆற்றலில் ஒரு பகுதி இவ்வாறு அதிர்வாக மாறி ஓட்டுநரின் உடலில் வீணாகிறது. மென்மையான டயரோ கல்லின் மீது தானே அமுங்கிக் கடக்கிறது. எனவே கரடுமான பாதையில் மென்மையான அகன்ற டயர் வசதியானது மட்டுமன்று, வேகமானதும் ஆகும். பல டயர்கள் உள்ளே டியூப் இன்றி, சிறு துளைகளைத் தானே அடைக்கும் திரவத்துடன் பயன்படுத்தப்படுகின்றன.

அகன்ற டயர்களுக்கு இடமளிக்க ரிம்மைப் பற்றும் பிரேக்குகளுக்கு மாற்றாக டிஸ்க் பிரேக்குகள் பொருத்தப்படுகின்றன. செங்குத்தான ஏற்றங்களுக்காகப் பந்தய மிதிவண்டியைவிடத் தாழ்ந்த கியர்கள் உள்ளன. சிலர் பயன்படுத்தும் 584 மி.மீ. விட்டமுள்ள ரிம், 650பி என்ற பெயரில் பிரான்சின் பழைய சுற்றுலா மிதிவண்டிகளில் வழங்கிய அதே அளவாகும்.

பாதைகளின் வகைகள்

வழியில் எதிர்ப்படும் பாதைகள் பார்வைக்கு ஒன்று போலிருப்பினும் சட்டத்தில் வேறுபட்டவை.

• ஊரகப் பாதை – கொம்யூன் எனப்படும் உள்ளாட்சி அமைப்புக்குச் சொந்தமானது, பொதுமக்கள் பயன்பாட்டிற்குரியது, ஆனால் உள்ளாட்சிச் சாலையாக வகைப்படுத்தப்படாதது.
• பண்ணைப் பாதை – அடுத்தடுத்த நில உரிமையாளர்கள் தம் வயல்களுக்குச் செல்லப் பயன்படுத்தும் தனியார் பாதை. பொதுமக்கள் செல்வதை உரிமையாளர்கள் தடை செய்யலாம்.
• காட்டுப்பாதை – அரசுக் காடுகளிலோ தனியார் காடுகளிலோ மரம் ஏற்றிச் செல்ல அமைக்கப்பட்டது.
• பசுமை வழி – கைவிடப்பட்ட தொடருந்துத் தடத்திலோ கால்வாய்க் கரையிலோ, மோட்டார் வண்டிகள் இன்றி மிதிவண்டிக்கும் நடைக்கும் ஒதுக்கப்பட்டது. பர்கண்டியில் கிவ்ரி–குளூனி இடையே 1997-இல் திறக்கப்பட்டது இவ்வகையில் முன்னோடியாகும்.

1991-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, பொதுப் போக்குவரத்துக்குத் திறந்த வழிகளுக்கு வெளியே இயற்கைப் பகுதிகளில் மோட்டார் வண்டிகள் செல்வதைத் தடை செய்கிறது. மிதிவண்டிகளுக்கு இத்தடை பொருந்தாது. எனினும் 2023-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தின்படி, எல்லை தெளிவாகக் குறிக்கப்பட்ட தனியார் காட்டில் அனுமதியின்றி நுழைவது தண்டத்திற்குரிய குற்றமாகும்.

நிலப்பகுதிகள்

பாதையின் தன்மையை நிலத்தின் பாறையே தீர்மானிக்கிறது. சாம்பாஞ் பகுதியின் பாதைகள் சுண்ணப்பாறையாலானவை. கோடையில் வெண்புழுதி எழும். மழை பெய்தால் வழுக்கும் களியாகி டயரில் அப்பிக்கொள்ளும். மொர்வான் மலைப்பகுதியில் கருங்கல் நிலமும் ஊசியிலைக் காடுகளும் உள்ளன. லாரிகள் செல்லுமாறு அமைக்கப்பட்ட காட்டுப்பாதைகள் அகலமானவை.

தெற்கே கோசு எனப்படும் சுண்ணாம்புக்கல் பீடபூமிகளில் மழைநீர் நிலத்தடிக்குள் இறங்கிவிடுவதால் மேற்பரப்பில் நீரோட்டம் அரிது. கூர்மையான கற்கள் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கக்கூடியவை. இங்குள்ள பழைய பாதைகள் பல, கோடையில் ஆட்டு மந்தைகளை மலைமேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்ற வழிகளாகும். கோசு, செவென் நிலப்பரப்பு 2011-இல் யுனெசுக்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பயிற்சி குறைந்தோர் நாடுவது துலூசு நகரிலிருந்து நடுநிலக்கடல் நோக்கிச் செல்லும் மிடிக் கால்வாய். பியேர்-போல் ரிக்கே என்பவரின் முயற்சியால் 1666-இல் தொடங்கி 1681-இல் திறக்கப்பட்ட இக்கால்வாய் ஏறத்தாழ 240 கி.மீ. நீளமுடையது. மேடு பள்ளம் குறைவு. ஆயினும் கரையிலுள்ள பிளேன் மரங்களின் வேர்கள் பாதையைக் குண்டும் குழியும் ஆக்கியுள்ளன. 2006-இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் இம்மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுள்ளன.

பாதைகளின் அழிவும் பாதுகாப்பும்

1941-ஆம் ஆண்டின் சட்டத்தை அடுத்து, சிதறிய சிறு நிலங்களை ஒன்றாக்கி மறுபங்கீடு செய்யும் திட்டம் பிரான்சில் செயற்படுத்தப்பட்டது. போருக்குப் பிந்தைய பதிற்றாண்டுகளில் இது விரைவு பெற்றது. உழுவை இயந்திரங்களுக்கு ஏற்ற பெரிய வயல்கள் உருவாயின. பிரெத்தாஞ் போன்ற பகுதிகளில் வேலிமரங்களும் வரப்புகளும், அவற்றினூடே சென்ற பாதைகளும் மறைந்தன.

எஞ்சிய ஊரகப் பாதைகளின் நிலையும் உறுதியானதன்று. 1959-ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் கொம்யூன்களின் வழிகளை உள்ளாட்சிச் சாலைகள், ஊரகப் பாதைகள் என இரண்டாகப் பிரித்தது. உள்ளாட்சிச் சாலை, விற்க முடியாத பொது உடைமையாகும். ஊரகப் பாதையோ கொம்யூனின் தனியுடைமை. இதனால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன:

1. இதனைப் பராமரிக்கும் பொதுவான கடமை கொம்யூனுக்கு இல்லை.
2. பொதுமக்கள் பயன்பாடு நின்றுவிட்டால், பொது விசாரணைக்குப் பின் கொம்யூன் இதனை விற்கலாம்.
3. ஒருவர் இதனை உழுது 30 ஆண்டுகள் இடையூறின்றி அனுபவித்து வந்தால், அனுபவப் பாத்தியத்தின் பேரில் உரிமை கோரலாம்.

மறுபுறம், ஒரு பாதை வழிப்போக்கர்களால் பயன்படுத்தப்படுவதே அது பொதுப் பயன்பாட்டிற்குரியது எனக் கருதுவதற்குப் போதிய சான்று என ஊரகச் சட்டத்தொகுப்பு கூறுகிறது. பொதுப் பயன்பாட்டிற்குரிய பாதை, மாறாக நிறுவப்படும் வரை, கொம்யூனுக்குச் சொந்தமானதாகவே கொள்ளப்படும். இதனாலேயே நடைப்பயணிகள், குதிரை ஓட்டுநர்கள், மிதிவண்டிப் பயணிகள் ஆகியோரின் போக்குவரத்து சட்ட முக்கியத்துவம் பெறுகிறது. முட்புதர் மூடிய பாதையை எவரும் பயன்படுத்துவதில்லை. எவரும் பயன்படுத்தாத பாதை விற்பனைக்குரியதாகிறது.

2022 பெப்ரவரி 21-ஆம் நாளிட்ட சட்டம், கொம்யூன் தன் பாதைகளைக் கணக்கெடுக்கத் தீர்மானித்தால் அனுபவப் பாத்தியக் காலம் ஓடுவதை இடைநிறுத்துகிறது. வழித்தொடர்ச்சி அறுபடாதவாறு பாதைக்கான நிலத்தை மாற்றிக்கொள்ளவும் அது வகை செய்கிறது. கணக்கெடுப்புக்கு 1807-ஆம் ஆண்டின் சட்டப்படி வரையப்பட்ட நெப்போலியன் கால நில அளவைப் படங்கள் பேருதவியாக உள்ளன.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

• வேட்டைப் பருவம் பொதுவாக செப்டம்பர் முதல் பெப்ரவரி இறுதி வரை நீடிக்கும். வேட்டை நடைபெறுவதாக அறிவிப்புப் பலகை இருப்பின் அவ்வழியைத் தவிர்த்தல் நலம்.
• தெற்கு மாவட்டங்களில் கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் காடுகள் மூடப்படுவதுண்டு.
• 1992-இல் ஓநாய்கள் இத்தாலியிலிருந்து மீண்டும் வந்த பின், மலை மந்தைகளுடன் பட்டூ எனப்படும் பெரிய காவல் நாய்கள் உள்ளன. மந்தையை நெருங்கும்போது வண்டியிலிருந்து இறங்கி, அதனை நாய்க்கும் தமக்கும் இடையில் வைத்து, மெதுவாக விலகிச் செல்ல வேண்டும்.
• சிற்றூர்க் கடைகள் பல ஞாயிறு பிற்பகலிலும் திங்களன்றும் மூடப்பட்டிருக்கும். குடிநீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் குழாயை நாடுவது பயணிகளின் வழக்கம். குடிக்கத்தகாத நீர் என்ற அறிவிப்பு உள்ளதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.
• மேய்ச்சல் நில வாயில்களைத் திறந்தால் மீண்டும் மூட வேண்டும்.