ஒளி விலகியபோது தெரிந்த குழந்தை: கிறிஸ்து பிறப்பு விழாவின் ஒளிப் படிமம் குறித்து

லூக்கா சொல்லும் பிறப்புக் கதையில் வெளிச்சம் எங்கே இருக்கிறது? கேட்டவுடன் நம் விரல் தொழுவத்தை நோக்கித்தான் நீளும். ஆண்டுதோறும் ஆலயத்தில் குடில் கட்டும்போது குழந்தையின் தலைமாட்டில் ஒரு பல்பை வைக்கோலுக்குள் மறைத்துவைத்துப் பழகிவிட்டோம். நூல் அப்படிச் சொல்லவில்லை. ஆண்டவரின் மாட்சி சுற்றிலும் ஒளிர்ந்தது வயல்வெளியில், கிடை போட்டுக் காவல் காத்த இடையர்கள்மேல். அதற்கு லூக்கா ஆளும் கிரேக்க வினை ‘பெரிலாம்போ’. புதிய ஏற்பாடு முழுவதிலும் அது இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டும் லூக்காவின் எழுத்தே. மற்றொன்று, தமஸ்கு சாலையில் நண்பகலில் பவுலைச் சூழ்ந்த ஒளி. தொழுவத்தில் அந்த வினைக்கு வேலையில்லை. இடையர்களுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளம் சுற்றிய துணியும் தீவனத் தொட்டியும்தான். தூதர்கள் போனபிறகு அவர்கள் வெளிச்சத்தை விட்டுவிட்டு இருட்டில் நடந்துபோய்ப் பிள்ளையைப் பார்க்கிறார்கள். மத்தேயுவின் விண்மீனும் வீட்டுக்கு மேலே நின்றுவிடுகிறது, உள்ளே நுழைவதில்லை.

இரண்டு நற்செய்தியாளரும் ஒளியைக் குழந்தையிடமிருந்து தள்ளி நிறுத்தியிருப்பது கவனத்துக்குரியது. இருளை விரட்டி வெல்லும் சூரியன் என்பது இவ்விழாவை விளக்கப் பெரிதும் கையாளப்படும் படிமம். அதைவிடப் பழைய இன்னொரு படிமம் உண்டு: தன்னைக் குறைத்துக்கொண்டு பார்வைக்கு இடம்விடும் ஒளி. விழாவின் ஆன்மிகப் பொருளைத் தாங்க வல்லது இந்த இரண்டாவதே என்பது என் வாதம்.

சூரியப் படிமத்துக்கு வலுவான வரலாறு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. கிறிஸ்துவின் பிறப்பை டிசம்பர் 25-இல் குறிக்கும் மிகப் பழைய சான்று, 354-ஆம் ஆண்டு ரோமில் தொகுக்கப்பட்ட நாள்காட்டித் தொகுப்பு. அதே தொகுப்பின் இன்னொரு பகுதியில் அதே தேதிக்கு ‘வெல்லப்படாதவனின் பிறந்தநாள்’ என்ற குறிப்பும், அன்று முப்பது தேரோட்டங்கள் நடக்கும் என்ற செய்தியும் உண்டு. பேரரசன் அவுரேலியன் 274-இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் எழுப்பியதோடு இதைச் சேர்த்து, திருச்சபை ஒரு புறச்சமய விழாவைத் தன்வயப்படுத்திக்கொண்டது என்று சொல்வது வழக்கமாயிற்று. இதற்கு மாற்றாக 1889-இல் லூயி துஷேன் ஒரு கணக்கை முன்வைத்தார்: இயேசு இறந்த நாள் மார்ச் 25 எனப் பழங்கிறிஸ்தவர் சிலர் கொண்டனர், கருவான நாளையும் அதுவாகவே கொண்டு ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25 வரும். இதை 1980-களில் தாமஸ் டாலி மேலும் விரித்தார். எனக்குக் கணக்குக் கொள்கையே கூடுதல் ஏற்புடையதாகப் படுகிறது. ஆனாலும் தேதி எப்படி வந்தது என்பதும் ஒளிக்கு என்ன பொருள் என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு விடை கண்டவர்கள் இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல்.

தேதி வந்து அமர்ந்ததும் மறையுரையாளர்கள் சூரியனை விட்டுவைக்கவில்லை. பகல் வளரத் தொடங்கும் நாளில் கிறிஸ்து பிறந்தார், பகல் குறையத் தொடங்கும் ஜூன் 24-இல் திருமுழுக்கு யோவான் பிறந்தார் என்று அகுஸ்தீன் பொருத்திக் காட்டினார். அவர் வளர வேண்டும், நான் குறைய வேண்டும் என்ற யோவானின் கூற்றுக்கு வானமே உரை எழுதிவிட்டது போல. அதே அகுஸ்தீன், நாம் இந்நாளைக் கொண்டாடுவது இந்தச் சூரியனுக்காக அல்ல, இதைப் படைத்தவருக்காக என்றும் எச்சரிக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் திருத்தந்தை பெரிய லியோ கடிந்துகொண்ட காட்சி இன்னும் சுவையானது: புனித பேதுரு பேராலயத்தின் படிகளில் ஏறும் கிறிஸ்தவர்கள், உள்ளே நுழையுமுன் திரும்பி நின்று எழுகதிரை வணங்கினார்களாம். உவமையைக் கையில் கொடுத்தால் மக்கள் அதையே பொருளாகப் பிடித்துக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சூரியப் படிமத்தின் இன்னொரு பலவீனம் புவியியல் சார்ந்தது. ரோமில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம், ஹாம்பர்க்கில் ஏழரை. அங்கெல்லாம் டிசம்பர் இறுதியில் வெளிச்சம் திரும்புகிறது என்பது உடம்பால் உணரும் செய்தி. கன்னியாகுமரியில் டிசம்பர்ப் பகலும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. ஜூன் பகலோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை. ஆஸ்திரேலியாவில் அது கோடையின் உச்சம். அங்கே கிறிஸ்துமசுக்குப் பிறகு பகல் குறையத்தான் செய்கிறது. கதிர்த்திருப்பத்தை அச்சாகக் கொண்டால், ஒளி விழா ஐரோப்பியருக்கு அனுபவமும் மற்றவர்களுக்கு இரவல் கவிதையும் ஆகிவிடும்.

மற்றப் படிமத்துக்கு வருவோம். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ திருமுறையில் சேராத நூல். மேற்குத் திருச்சபை அதை ஒதுக்கியது. கிழக்கு அதைத் தன் விழாக்களிலும் ஓவியங்களிலும் கரைத்துக்கொண்டது. அதன் 19-ஆம் அதிகாரத்தில் யோசேப்பும் மருத்துவச்சியும் குகை வாயிலில் நிற்கிறார்கள். குகையை மூடிய மேகம் விலகுகிறது. கண் தாங்காத பேரொளி உள்ளே தோன்றுகிறது. சற்று நேரத்தில் அந்த ஒளி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குகிறது. அது ஒடுங்கிய இடத்தில்தான் குழந்தை கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்ததும் தாயின் மார்பைத் தேடிப்போகிறது. ஒளி உச்சத்தில் இருந்த கணத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை. வெளிப்பாடு என்பது ஒளி கூடுவது அன்று, குறைவது என்று இவ்வளவு துணிந்து சொன்ன கதை வேறொன்றை நான் அறியேன். பிற்காலக் கீழைத் திருவோவியங்களிலும் இதன் சாயலைக் காணலாம். படத்தின் நடுவே குகை கரிய பிளவாக இருக்கும். குழந்தை அந்தக் கறுப்புக்குள் கிடக்கும். சுற்றிய துணி பிணத்துணி போலவே இருக்கும்.

மேற்கில் இதற்கு நேர் எதிரான மரபு வளர்ந்தது. சுவீடனின் புனித பிரிஜித்தா 1372-இல் பெத்லகேமில் கண்ட காட்சியில், பிறந்த குழந்தையிடமிருந்து சூரியனை விஞ்சும் ஒளி கிளம்ப, யோசேப்பு கொண்டுவந்து வைத்த மெழுகுதிரி இருந்த இடம் தெரியாமல் போகிறது. கேர்ட்கென் ஏறக்குறைய 1490-இல் வரைந்த இரவுப் பிறப்பு, 1530 அளவில் கொர்ரெஜ்ஜோ வரைந்த ‘புனித இரவு’ ஆகியவற்றில் குழந்தையே விளக்காக எரிகிறது. நம் குடிலின் பல்பு இந்த வழியில் வந்ததே. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் யோசேப்பின் மெழுகுதிரி தோற்றுப்போகும் கதையில், மனிதர் ஏற்றும் விளக்குக்கு இடம் எங்கே?

இந்த வேறுபாடு யோவான் நற்செய்தியின் ஒரே ஒரு வினைச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ஒளி இருளில் ஒளிர்கிறது என்று நிகழ்காலத்தில் சொன்னபின், இருள் அதை ‘கதேலபென்’ செய்யவில்லை என்கிறார் அவர். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பிடித்து அடக்குதல், மனத்தால் புரிந்துகொள்ளுதல் என்ற இரு பொருளும் உண்டு. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு இங்கே ‘வெற்றிகொள்’ என்ற வினையைத் தேர்ந்தது; போர்க்களமும் சூரியனும் உடனே வந்துவிடுகின்றன. சீர்திருத்தச் சபையார் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் இருப்பது ‘பற்றிக்கொள்’. கேட்பதற்கு மங்கலாகத் தோன்றும் இச்சொல்தான் மூலத்துக்கு நெருக்கமானது என்பேன். கையால் பிடிப்பதும் பற்றுதல், மனத்தில் கொள்வதும் பற்றுதல். கிரேக்கத்தில் இல்லாத மூன்றாவது பொருள் ஒன்றும் தமிழில் சேர்கிறது: திரியில் தீ பற்றுதல். மொழிபெயர்த்தவர்கள் இதை எண்ணினார்களா என்பது இங்கே முக்கியமில்லை. ஒளி பக்கத்திலேயே எரிந்தும் இருள் அதிலிருந்து பற்றிக்கொள்ளவில்லை என்று ஒரு தமிழ் வாசகர் படித்தால், அடுத்த வரிகளில் தம்மவரே ஏற்றுக்கொள்ளாத துயரத்தை யோவான் சொல்வது தடையின்றித் தொடர்கிறது. வெற்றி என்று படித்தால் அந்தத் துயரம் தொங்கலாக நிற்கிறது.

திரியிலிருந்து திரி பற்றுவது இறையியலிலும் பழைய உவமை. இரண்டாம் நூற்றாண்டின் யுஸ்தீன், தந்தையிடமிருந்து மகன் வருவதை விளக்கும்போது, சூரியனையும் பிரியாத அதன் கதிரையும் காட்டுவது போதாது என்று கருதி, நெருப்பிலிருந்து மூட்டிய நெருப்பைக் காட்டினார். கொடுத்தது குறைவதில்லை, பெற்றது முழுமையாய் எரிகிறது. நான்காம் நூற்றாண்டில் நிசேயாவின் தரப்பில் வாதாடிய அத்தனாசியார் மறுபடியும் சூரியனையும் அதன் சுடரையும் நாடினார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே காலப் பிளவு வந்துவிடக் கூடாதே. கோட்பாட்டுக்கு அது தேவைப்பட்டது, சரிதான். வழிபாடு விளக்கைக் கைவிடவில்லை. 1747 டிசம்பரில் ஜெர்மனியின் மாரியன்போர்னில் மொராவிய ஊழியர் யோகான்னஸ் டி வாட்டவில்லே பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் சிவப்பு நாடா சுற்றிய, எரியும் சிறு மெழுகுதிரியைக் கொடுத்தார். மீட்பர் அவரவர் உள்ளத்தில் மூட்டிய சுடருக்கு அது அடையாளம். பிரிஜித்தாவின் காட்சியில் மங்கிப்போன மெழுகுதிரி இங்கே குழந்தைகளின் கைக்கு வந்துவிட்டது. 1839-இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற சிறுவர்களின் இல்லத்தை நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன், விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நட்டார்: ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு. நாளுக்கு ஒன்று ஏற்றப்பட்டது. ஹாம்பர்க்கின் பகல் குறுகிக்கொண்டே போன அதே நாள்களில் சக்கரத்தில் சுடர் கூடிக்கொண்டே வந்தது. வானத்தை அது பார்த்து நடக்கவில்லை.

ஒரு மறுப்பு எழும். நீதியின் சூரியன் என்று மலாக்கி சொல்லவில்லையா? லூக்கா தரும் செக்கரியாவின் பாடலில் உயரத்திலிருந்து வரும் விடியல் இல்லையா? உண்டு. ஆனால் அந்த விடியலுக்கு லூக்கா இட்ட சொல் ‘அனதொலே’. எழுதல், உதித்தல் என்பது அதன் பொருள். எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த பழைய அறிஞர்கள், இறைவாக்கினர் செக்கரியாவின் நூலில் தாவீதின் மரபில் முளைக்கப்போகும் தளிருக்கும் இதே சொல்லைத்தான் வைத்தார்கள். கதிர் என்ற நம் சொல் சூரியனுக்கும் நெல்லுக்கும் பொதுவாக இருப்பதை நினைத்துக்கொண்டால், இந்த இரட்டைப் பொருள் தமிழருக்கு அந்நியமாக இராது. லூக்காவின் விடியல் மேலிருந்து இறங்கும் ஒளியாகவும் மண்ணைப் பிளந்து மெல்ல எழும் முளையாகவும் இருக்கிறது. தீவனத் தொட்டிக்குப் பொருந்துவது பின்னதே.

பேரொளியிலிருந்து தொட்டியை நோக்கிய இந்த நகர்வை ரோமை வழிபாட்டு முறை மூன்று திருப்பலிகளாகப் பிரித்துவைத்திருக்கிறது. நள்ளிரவில், இருளில் நடந்த மக்கள் கண்ட பேரொளி பற்றிய எசாயாவின் வாசகமும் வயல்வெளியில் ஒளிர்ந்த மாட்சியும். விடியற்காலையில், இடையர்கள் தொழுவத்துக்குப் போய்ச் சேர்வது. பகலில்தான் யோவானின் முன்னுரை வருகிறது, அந்தக் கடினமான வினைச்சொல்லோடு. நள்ளிரவில் வாசல் வரை நிரம்பி வழிந்த கூட்டம் அதற்குள் வீட்டுக்குப் போய் உறங்கிக்கொண்டிருக்கும். முகப்பில் தொங்கும் காகித நட்சத்திரத்தின் பல்பைப் பகலிலும் யாரும் அணைத்திருக்க மாட்டார்கள். பாதி காலியான ஆலயத்தில், வெயில் நன்றாக ஏறிய நேரத்தில், இருளைப் பற்றிய அந்த வரி வாசிக்கப்படுகிறது.